நல்ல மெஷின் இன்சீனில் இருக்கிறது

தம்பிகளே,

போன மாதம் நீங்கள் நான்கு பேரும் என் அறைக்கு வந்து, பழைய வீடியோ மெஷின் சேர்க்கும் உங்கள் கூட்டத்தில் பேச வேண்டும் என்று கேட்டீர்கள். சரி என்று தலையாட்டினேன். நீங்கள் படியிறங்கிப் போனதுமே வரப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எதிரில் நான்கு பேர் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது நான்காம் வகுப்பு வரைதான். தமிழ் எழுத்து கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றுக்கொண்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பர்மியத்தில் மாற்றிச் சொன்னாலும் சரிதான்.

பெல்ட் மாற்றுவது, ஹெட் துடைப்பது, காய்ந்துபோன கிரீஸைச் சுரண்டி எடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். போனில் பார்த்து என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறீர்கள். அதைப் பற்றி எழுத என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. வரும்போதெல்லாம் நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறதே, அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

"ஊலே, அந்த நல்ல மெஷின் எங்கே?"

மாமா என்று தமிழில் கூப்பிடாமல் ஊலே என்று பர்மியத்தில் கூப்பிடுகிறீர்கள். அதுவும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. அலமாரியின் மேல் தட்டில் சிவப்புத் துண்டு போர்த்தி நான் வைத்திருந்த மெஷினைப் பற்றி யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் முதல்முறை வந்தபோதே அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. விற்றுவிட்டீர்களா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அதற்கு மேல் நான் சொல்லவில்லை. நீங்களும் மரியாதைக்கு விட்டுவிட்டீர்கள்.

வீடியோ மெஷினைப் போய்ச் சத்தத்துக்காக வாங்குகிறார்களா என்று சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான். அப்போது ரிப்பேர் மட்டும் செய்துகொண்டிருந்தேன். தேவாலயத்தில் பாட்டுக் குழு நடத்தும் கரேன் இனத்து அம்மா ஒருவர், ஒரு மெஷினையும் ஒரு கேசட்டையும் கொண்டுவந்து வைத்து, "சரிபார்த்து வையுங்கள், வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கேசட்டைப் போட்டுப் பார்த்தால் படம் இல்லை. திரை முழுக்கக் கறுப்பு. இரண்டு நாள் அந்த மெஷினைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை வந்தவர் என் மேசையில் கிடந்த பாகங்களைப் பார்த்தார்.

"என்ன செய்துவிட்டீர்கள்?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"படம் வரவில்லை அம்மா."

"படமே எடுக்கவில்லையே! நாங்கள் பாட்டுத்தான் எடுத்தோம். சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. அவர் எதிரிலேயே மெஷினைப் பூட்டி, ஸ்பீக்கரில் கொடுத்து ஓடவிட்டேன். பாட்டுத் தொடங்குவதற்கு முன்னால் முப்பது பேர் ஒன்றாக மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் வந்தது. பின்னால் கூட்டம் வந்து நிற்கிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அந்த அம்மா சிரித்தார்.

அன்றிலிருந்துதான் ஹைஃபை மெஷின்களைத் தேடி வாங்க ஆரம்பித்தேன். ஆனால் அன்றைக்கு நான் கற்றிருக்க வேண்டிய பாடம் அது இல்லை. கொண்டுவந்து வைத்தபோதே, "இதில் என்னம்மா இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு நாள் வேலை மிச்சம். அந்த ஒரு வார்த்தை கேட்க எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு அப்போது இரண்டு நாள் மட்டுமே செலவானது. பின்னால் அப்படி இல்லை.

க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் இப்போது நீங்கள் பார்க்கிற இதே மாடி அறைதான். மெஷின்கள் பதினொன்று வரை சேர்ந்தன. காலையில் எழுந்தால் கரண்டு எப்போது வரும் என்று பார்ப்பேன். வந்தால் வேலை, போனால் படுக்கை. ஒரு நாள் முழுக்க நான் பேசும் பேச்சு, டீக்கடையில் சொல்லும் "ஒரு டீ" மட்டும்தான் என்ற நாட்கள் நிறைய உண்டு. அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. மெஷின்கள் பேசும், நான் கேட்பேன்.

வாசிக்கும் தம்பி இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கட்டும். உங்களுடன் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது தெரிய வேண்டும். ஹைஃபை மெஷினில் சத்தம் இரண்டு இடங்களில் பதிகிறது. ஒன்று, நாடாவின் ஓரத்தில் மெல்லிய கோடாக. அது எல்லா மெஷினிலும் உண்டு, சுமாரான சத்தம். இன்னொன்று, சுழலும் ஹெட் வழியாகப் படத்துக்கு அடியில் பதிகிறது. நாம் தேடுகிற சத்தம் அதுதான். அடியில் இருப்பதை மெஷின் சரியாகப் பிடித்தால் முகப்பில் ஹைஃபை விளக்கு எரியும். பிடிக்க முடியாவிட்டால் விளக்கு அணைந்துவிடும், மெஷின் நம்மைக் கேட்காமலே ஓரக் கோட்டுக்கு மாறிக்கொள்ளும். நமக்குச் சத்தம் வந்துகொண்டே இருப்பதால் அது மாறியதே தெரியாது.

மழைக்காலத்தில் ஒரு காலை, ஓர் அம்மா படியேறி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கையில் பிளாஸ்டிக் கூடை, அதன் மேல் போர்த்திய துணியில் எண்ணெய்க் கறை. உள்ளே வடை இருந்த வாசனை. துணிக்கு அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். பையில் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு பை சுற்றியிருந்தது.

"அண்ணே, இதுல பேச்சு ஏதாச்சும் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

"என்ன கேசட்டு?"

"எந் தங்கச்சி கல்யாணம்."

கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தாலே நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தது. எங்கள் பகுதிக்கு அன்றைக்குப் பதினொரு மணி வரைதான் கரண்டு, இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மேசையில், அப்போதுதான் பூட்டி முடித்த மெஷின் ஒன்று. நாடா போகும் பாதையை அதில் நான் இன்னும் சரியாக அமைக்கவில்லை. அலமாரியில், சிவப்புத் துண்டுக்குள், நல்ல மெஷின். அதை எனக்காக மட்டும் வைத்திருந்தேன். அடுத்தவர் கேசட்டு எதையும் அதில் போட்டதில்லை. பூஞ்சை பிடித்த நாடாவைப் போட்டு அதன் ஹெட்டை அழுக்காக்க மனம் வரவில்லை. மேசையில் இருந்ததிலேயே போட்டேன்.

சினிமாப் பாட்டு வந்தது. கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன், வேறொரு சினிமாப் பாட்டு. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்கள் அப்படித்தான் இருக்கும். படம் எடுத்து முடித்த பிறகு வீடியோக்காரர் கடையில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை பாட்டு ஏற்றிவிடுவார். தாலி கட்ட ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு, பெண் அழுதுகொண்டு வண்டியேறும்போது ஒரு சோகப் பாட்டு. பாட்டை எங்கே எப்படிப் பொருத்துகிறார் என்பதில்தான் வீடியோக்காரருக்குப் பேர். கல்யாண வீட்டார் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். மேளமும் பேச்சும் இரைச்சல் என்று நினைத்த காலம்.

மூன்றாவது இடத்தில் ஓட்டிப் பார்த்தபோது ஹைஃபை விளக்கு ஒரு முறை மினுக்கி அணைந்தது.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எனக்கு நானே பல நாள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்த்தேன். அந்த அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். ஒரு பெண் என் அறையில் நின்று நான் வேலை செய்வதைப் பார்க்கிறார் என்பதிலேயே எனக்கு வியர்த்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

"பேச்சு இல்லைங்க. பாட்டுத்தான்" என்றேன்.

"முழுக்கவாண்ணே?"

"முழுக்கத்தான்."

நான் கேசட்டை வெளியே எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வீட்டுக்குக் கொண்டு போயி என்ன பண்ண? எங்கிட்ட மெஷினும் இல்ல. ஒங்களுக்கு ஒதவும்னா வச்சுக்குங்க. நான் இன்சீன் ரயிலப் புடிக்கணும்." கூடையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

யார் பேச்சைத் தேடினார், வீடியோ எடுத்தது யார், எதற்காக மழையில் கிளம்பி வந்தார் என்று எதையும் நான் கேட்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. கேசட்டைச் சோதனைப் பெட்டியில் போட்டேன். ரிப்பேர் முடிந்த மெஷின் சரியாகப் பதிகிறதா என்று பார்க்க, யாருக்கும் வேண்டாத நாடாக்களைப் போட்டு வைக்கும் பெட்டி உங்களிடமும் இருக்கும். நாடா தரமானது. பூஞ்சையைத் துடைத்தால் நன்றாக உழைக்கும்.

இரண்டு மாதம் கழித்து அதைத் துடைத்து எடுத்தேன். மேசை மெஷினில் வைத்து, பர்மிய யாழ் வாசிப்பு ஒன்றைப் பன்னிரண்டு நிமிடம் பதிந்தேன். பதிந்தது எப்படி வந்திருக்கிறது என்று கேட்க மட்டும் நல்ல மெஷினைத் தொடுவேன். துண்டை எடுத்து, கேசட்டைப் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தேன். யாழ் முடிந்தது. எழுந்து நிறுத்தச் சோம்பல். கரகரவென்று ஒரு சத்தம், பிறகு நாடாவில் பழைய கல்யாணம் தொடங்கியது. பாட்டு வரும் என்று நினைத்தேன்.

"மச்சான், அந்தத் தலையக் கொஞ்சம் எடு! ஒந் தலையப் புடிக்கவா சிங்கப்பூர்ல சொல்லி கேமரா வாங்குனேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையாகத்தான் எழுதுகிறேன். அவ்வளவு பக்கத்தில் இருந்தது அந்தக் குரல். கண்ணைத் திறந்தேன். ஹைஃபை விளக்கு ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் மேளம், ஒரு குழந்தையின் அழுகை, பாத்திரம் இழுபடும் சத்தம். எல்லாவற்றுக்கும் முன்னால், மைக்குக்குப் பின்னாலேயே, அந்த ஆள். "பெரியம்மா, பூவ மறைக்காதீங்க." "ஐயரே, பொறுங்க, பேட்டரி மாத்திக்கிறேன், அப்புறம் கட்டச் சொல்லுங்க." மாப்பிள்ளையில் தொடங்கி சாம்பார் ஊற்றுகிறவர் வரை எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். படத்தில் அவர் இல்லை. கேமராவைப் பிடித்திருக்கிறவர் படத்தில் எப்படி இருப்பார்?

அவர் ஏற்றிய பாட்டு ஓரக் கோட்டில் மட்டும் ஏறியிருக்கிறது. அடியில் இருந்ததை அது தொடவே இல்லை. இது அவருக்கே தெரிந்திருக்காது. தன் குரலை அழித்துவிட்டதாகத்தான் நினைத்திருப்பார். அந்த அம்மா எந்தப் பேச்சைத் தேடி வந்தார் என்பதும் எனக்கு அப்போது புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. பாட்டு ஏற்றினால் அடியில் இருப்பது பிழைக்கும். முழுதாகப் புதிதாகப் பதிந்தால் எதுவும் பிழைக்காது. நான் செய்தது இரண்டாவது. முதல் பன்னிரண்டு நிமிடம் இனி யாருக்கும் கிடைக்காது.

கால் மணி நேரம் கேட்டுவிட்டு நிறுத்தினேன். அது நான் முதலில் கேட்க வேண்டிய குரல் இல்லை.

நான்கைந்து நாள் எதுவும் செய்யாமல் இருந்தேன். அந்த அம்மா கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனவர், திரும்பி வரப் போவதில்லை. அழித்தது எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு நிலை வரும். அந்த நான்கைந்து நாளில் மெஷின் எதையும் ஓடவிட எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பிறகு ரயிலேறி இன்சீன் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். யாரிடமாவது கேட்க வேண்டும். டீ குடித்தேன், கேட்காமல் திரும்பி வந்தேன். அடுத்த நாளும் அதே. மூன்றாவது நாள் கடைக்கார பாயே கோப்பையை வைத்துவிட்டு எதிரில் நின்றார்.

"அண்ணே, மூணு நாளா வர்றீங்க. எங்க கடை டீ அவ்வளவு நல்லாருக்காது, எனக்கே தெரியும். என்ன விசயம்?"

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு ஆளத் தேடுறேன்" என்றேன்.

"பேரு?"

"தெரியாது. வடை விக்கிற அம்மா."

"இன்சீன்ல வடை விக்கிற அம்மாவுக்கா பஞ்சம்? ஆளு எப்படி? ஒல்லியா, குண்டா?"

"சரியாப் பாக்கல."

பாய் பக்கத்து மேசைக்காரரிடம் திரும்பினார். "மொகத்தையே பாக்காம மூணு நாளாத் தேடுறாராம்யா! பொண்ணு பாக்க வந்த எங்க மச்சானும் இப்படித்தான், தலைய நிமித்தல. கடைசில அக்காவக் காட்டித் தங்கச்சியக் கட்டி வச்சுட்டானுங்க." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. கையில் இருந்த பையிலிருந்து கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதன் முதுகில் ஊதா மையில் ஒரு சின்ன முத்திரை. பாய் அதைக் கையில் எடுத்தார். சிரிப்பு நின்றது.

"இது வீடியோ மணி முத்திரையில்ல? எங்க கல்யாணமும் அவருதான் எடுத்தாரு. தவறிப் பதினாலு வருசம் ஆச்சே. அப்ப நீங்க தேடுறது அவரு சம்சாரம் தனத்தை." ரயில்வே பட்டறைக்குப் பின்னால் வழி சொன்னார். "அங்க போயி மா திடான்னு பர்மாப் பேரச் சொல்லிக் கேளுங்க. தனம்னா பக்கத்து வீட்டுப் பர்மாக்காரங்களுக்குத் தெரியாது."

முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து பருப்பு கழுவிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவரைப் பார்த்ததும் அந்த வரிசை கலைந்துவிட்டது. "பேச்சு இருக்கு. நான் சொன்னது தப்பு. மொதப் பன்னெண்டு நிமிசத்த நான் அழிச்சுட்டேன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"யாரு பேச்சு?"

"கேமரா புடிச்சவரு."

அவர் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. "மொதல்லயா அழிச்சீங்க?" என்றார்.

"ஆமா."

"அங்கதாண்ணே எம் பேரு இருக்கும்."

கல்யாண வேலைக்கு அவர் கணவர் இவரையும் கூட்டிக்கொண்டு போவாராம், வயர் பிடிக்க. ஒவ்வொரு கேசட்டின் ஆரம்பத்திலும் மைக்கைச் சோதித்துப் பார்க்க எண்ணுவாராம். "ஒண்ணு ரெண்டு மூணுன்னு எல்லாரும் சொல்லுவாங்கள்ல? அவரு சொல்ல மாட்டாரு. ஒண்ணு, ரெண்டு, தனம்பாரு. எல்லாக் கேசட்டுலயும் அப்படித்தான். அதெல்லாம் கல்யாண வீட்டுக்காரங்க கொண்டு போயிட்டாங்க. இது ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துச்சு."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சாதாரணமாகப் பேசுகிற மாதிரியே சொன்னார்: "மொகத்துக்குப் போட்டோ இருக்கு. கொரலு போன வருசம் வரைக்கும் எங் காதுல இருந்துச்சு. இப்ப அவரு சொன்னத நெனச்சுப் பாத்தா எங் கொரல்லதான் வருது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அறைக்கு வந்து முதலில் போனில் நகல் எடுத்தேன். பழைய நாடாவை ஓடவிடும் ஒவ்வொரு தடவையும் அதுவே கடைசித் தடவையாக இருக்கலாம், அதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன். இரண்டே முக்கால் மணி நேரம் சத்த அளவு காட்டும் முள் ஆடுவதையும் விளக்கு எரிவதையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மெஷினைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். பக்கத்தில் இருந்த ஒரு பர்மியப் பாட்டி போர்வையைத் தட்டி, "தூங்குகிறதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். மேசை மெஷினையே கொண்டு போயிருக்கலாம். அன்றைக்கு அதன் பாதையும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் முதல் நாளே துண்டை எடுத்திருக்க வேண்டிய மெஷின் இதுதான்.

இன்சீனில் அன்றைக்குப் பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை கரண்டு என்றார்கள். தொலைக்காட்சியோடும் இரண்டு ஸ்பீக்கரோடும் இணைத்து, யாழைத் தாண்டி ஓட்டி வைத்துவிட்டு ஓடவிட்டேன். மச்சானுடைய தலையை எடுக்கச் சொன்ன குரல் அந்தச் சின்ன வீட்டுக்குள் வந்தது.

அந்த அம்மா முதலில் சிரித்தார். அழுவார் என்று பயந்துகொண்டிருந்தேன், சிரித்தார். "எப்படி அதட்டுறாரு பாருங்க! வீட்ல வாயத் தெறக்க மாட்டாருண்ணே. கடைக்குப் போயி உப்பு வாங்கக் கூச்சப்படுவாரு. கேமராவக் கையில குடுத்தாத்தான் பேச்சே வரும்." நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகல் இருந்த போனையும் கொடுத்தேன். ஒரு நிமிடம் காதில் வைத்துக் கேட்டுவிட்டுக் கீழே வைத்தார். "இதுல கேட்டா வெளியூர்லருந்து பேசுற மாதிரி இருக்கு. அதுல வீட்டுக்குள்ள இருக்காரு."

தாலி கட்டி முடிந்து, பந்தி நடந்து முடியப்போகும் நேரம். தனம் என்ற பெயர் இதுவரை வரவில்லை. இருவரும் அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது இருவருக்கும் தெரியும். அப்போது கரண்டு போய்விட்டது. நான்கு வரை என்றது மூன்றுக்கு முன்னாலேயே போய்விட்டது.

நாடா ஹெட்டைச் சுற்றியபடி உள்ளே நின்றுவிட்டது. இந்த இடத்தில் உங்கள் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மூடியைக் கழற்றி, விரலால் மோட்டாரைத் திருப்பி, நாடாவை மெல்ல வெளியே எடுக்கப் பார்க்கும். நூறு தடவை நான் செய்திருக்கிறேன். திருப்புளி கையில் இருந்தது. அப்படியே விட்டால் உருளை அழுத்துகிற இடத்தில் நாடாவில் தழும்பு விழலாம். எடுத்தால், பூஞ்சை தின்ற பழைய நாடா, விளிம்பு மடங்கலாம், அறுந்தும் போகலாம். மிச்சம் இருப்பதும் போனால் அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. அவசரமாக ஏதாவது செய்துகொண்டிருந்தால் அவரிடம் திரும்பி எதுவும் கேட்க வேண்டியிருக்காது. கை அதற்குத்தான் துடித்தது.

அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். இரண்டு வழியையும், இரண்டிலும் உள்ள ஆபத்தையும் அவரிடம் சொல்லிவிட்டு, "என்ன செய்யட்டும்?" என்றேன்.

"கரண்டு வராமலா போயிரும்? பதினாலு வருசம் போச்சு, சாயங்காலம் வரைக்கும் இருக்க மாட்டமா? அதத் தொடாதீங்கண்ணே" என்றார்.

திருப்புளியைக் கீழே வைத்தேன். அவர் விறகடுப்பில் டீ போட்டார். வடை கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். அதிகம் பேசவில்லை.

"ஒங்களுக்கு வீட்ல யாருண்ணே?"

"மெஷினுங்க."

"அதுங்க பேசுமா?"

"அடுத்தவங்க பேசுனதப் பேசும்."

"அது போதுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

தெருவில் பிள்ளைகள் "மீ லாபி! மீ லாபி!" என்று கத்தினார்கள். கரண்டு வந்துவிட்டது. மெஷின் தானாகவே நாடாவைப் பத்திரமாகக் கேசட்டுக்குள் இழுத்துக்கொண்டது. நான் மறுபடியும் ஓடவிட்டேன். பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவர் வரட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கலாம். ஏனோ செய்யவில்லை. திரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் வண்டியேறிப் போனார்கள், கூட்டம் கலைந்தது, கேமரா கீழே இறங்கித் தரையைக் காட்டியது. நிறுத்த மறந்துவிட்டார் போலிருக்கிறது. களைத்த குரல், இப்போது யாரையும் அதட்டவில்லை.

"தனம். தனம், எங்க போனே? இந்த வயரச் சுத்து, வீட்டுக்குப் போவோம்."

"இந்தா வர்றேன்" என்று பின்கட்டிலிருந்து அவர் சொன்னார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வேகமாக வந்தார். நிலைப்படியில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு நாடாவில் ஒன்றும் இல்லை.

நான் கிளம்பும்போது போர்வையை மட்டும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய் ஹெட்டைத் துடைத்து, டீ குடித்துவிட்டு வருகிறேன். அந்த மெஷினில் ஒரே ஒரு கேசட்டுத்தான் ஓடுகிறது. அதுவும் அடிக்கடி இல்லை. உங்களில் யாரும் அந்த வீட்டைத் தேடிப்போய் விலைக்குக் கேட்காதீர்கள்.

விளக்கு ஒரு முறை மினுக்கினாலும் அங்கேயே நிறுத்துங்கள். பின்னால் நிற்பவரிடம் திரும்பி, யாருடைய குரல் வேண்டும், யார் எடுத்தது என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடேயே கேளுங்கள். உங்களிடம் இருப்பதில் நல்ல மெஷின் எதுவோ அதில் போட்டுப் பார்க்காமல் யாருக்கும் இல்லை என்று சொல்லாதீர்கள்.

இடது காதில் மெல்லிய சத்தங்கள் எனக்குக் கேட்காமல் போனதால் தொழிலை விட்டேன். மிச்சம் இருந்த மெஷின்களைத்தான் நீங்கள் போன மாதம் எடுத்துக்கொண்டு போனீர்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு சோதனைப் பதிவு செய்து, கேசட்டை உள்ளேயே விட்டிருக்கிறேன். போட்டுக் கேட்டால் ஆரம்பத்தில் என் குரல் இருக்கும், "ஒண்ணு, ரெண்டு" என்று. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பழுது என்று நினைத்து மெஷினைப் பிரித்துவிடாதீர்கள். அடுத்துச் சொல்ல ஒரு பெயரை யோசித்துக்கொண்டிருந்தேன்.